நாளை சமரசம்

விளக்கு வைக்கிற நேரத்தில் யூனியன் வாட்ஸாப் குரூப்பில் செயலாளர் கருணாகரன் சாரின் செய்தி வந்தது. 'நாளை சமரசம். எல்லாரும் காலையில் ஸ்கூலில் வரணும்.'

இரண்டு தடவை படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தேன். சமரசமா? யாரைக் கேட்டு? சஸ்பெண்டு ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். பெண்ணைக் கேட்காமல் கல்யாணத்துக்கு நாள் குறித்தது மாதிரி, என்னைக் கேட்காமலே என் காரியத்தை முடித்துவிட்டார்கள் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

நான் ரெஜிலா. கேரள எல்லையில், பனச்சமூட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் எங்கள் எல்.பி. ஸ்கூல் இருக்கிறது, ஆரம்பப் பள்ளி. எய்டட் ஸ்கூல். அதாவது சம்பளம் சர்க்கார் தரும், அதட்டல் மேனேஜர் தருவார். நான் தமிழ் டிவிஷனில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மேனேஜர் பொன்னையனுக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலும் உண்டு. என் வகுப்பின் பதினேழு பிள்ளைகளையும் டி.சி. வாங்க வைத்து அங்கே இழுத்துவிட்டால் இங்கே தமிழ் டிவிஷன் மூடும், அங்கே பெஞ்சு நிறையும். நான் சும்மா இருப்பேனா? வீடு வீடாகப் போய், யாரும் டி.சி. வாங்காதீர்கள் என்று சொன்னேன். கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ.வுக்குப் புகாரும் எழுதினேன். அடுத்த வாரம் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. ஒழுங்கீனமாம்.

எனக்குத் துணையாக ஒரே ஒரு சட்டம் இருந்தது. மேனேஜர் தன் இஷ்டத்துக்குப் பதினைந்து நாள்தான் சஸ்பெண்டு செய்யலாம். அதற்கு மேல் நீட்ட ஏ.இ.ஓ. அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லையென்றால் அடுத்த நாளே நான் வகுப்பில். அனுமதி கிடைத்துவிட்டால் விசாரணை முடிகிறவரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய், திரும்பிவர எனக்கு வகுப்பே இருக்காது. அந்தப் பதினைந்தாம் நாள்தான் நாளை. ஆபீஸ் மூடுவதற்குள் மேனேஜர் நேரில் வந்து காரணம் சொன்னால்தான் அனுமதி என்று ஏ.இ.ஓ. கறாராகச் சொல்லியிருந்தார். அதே நாளில் டீச்சர்கள் எல்லாரும் ஸ்கூல் கேட்டில் சமரம் இருப்பதென்று யூனியனில் தீர்மானம் ஆகியிருந்தது.

சமரம் என்றால் எங்கள் பக்கத்தில் வேலைநிறுத்தம். மலையாளச் சொல்தான், ஆனால் இங்கே தமிழ் பேசுகிறவர்களும் சமரம் என்றுதான் சொல்வோம். 'வேலைநிறுத்தம்' என்று சொன்னால் பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கும். மத்தியானமே கருணாகரன் சார் மலையாளத்தில் 'நாளை சமரம்' என்று குரூப்பில் போட்டிருந்தார். சாயங்காலம் தமிழில் இப்படி வருகிறது. நடுவில் பேரம் படிந்துவிட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மச்சினர் வீட்டுச் சாவுக்கு ஒற்றசேகரமங்கலம் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சாவு வீடாம், போனை அணைத்துவிட்டாராம். என்னை விற்றுவிட்டு ஒளிந்துகொண்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

பாலராமபுரத்தில் துணிக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் ஜிபின், என் கையில் போனைப் பார்த்ததுமே பயந்தார். "ஒரு ராத்திரி பொறுத்தா ஒண்ணும் கொறஞ்சு போவாது, ரெஜிலா. காலைல கேளு."

"காலைல கேட்டா ஆறிப் போவும்" என்றேன். குரூப்பிலேயே, எல்லாரும் கேட்கட்டும் என்று, மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசினேன்: "கருணாகரன் சாறே, பொன்னையன் எத்தன சாயா வாங்கித் தந்தாரு? ஒரு சாயாவுக்கு வித்தீரா என்னை, ரெண்டு சாயாவுக்கா? கேரளம் முழுக்க சமரம் நடத்தினவருன்னு சொல்லியாக்கும் உம்ம பின்னால வந்தோம். த்தூ!"

ஜிபின் தலையில் கை வைத்துக்கொண்டார். குரூப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஷைஜு மட்டும் உடனே கேட்டிருந்தான். அவன் புதிதாகச் சேர்ந்த டீச்சர். அவன் வேலைக்கு இன்னும் உத்தரவாகவில்லை, அதற்கு மேனேஜரின் தயவு வேண்டும். அதனால் ஷைஜு இருக்கிற குரூப்பில் ஒன்றைப் போடுவதும் மேனேஜர் வீட்டு வாசலில் ஒட்டுவதும் ஒன்றுதான். தெரிந்தும் போட்டேன். கோபத்துக்குக் கண் ஏது?

காலையில் ஸ்கூல் கேட்டுக்குப் போனால், கருணாகரன் சார் கொடியை நட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கூட மலையாளம் டிவிஷன் டீச்சர்கள் நாலு பேர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே பார்த்தால், எங்கள் தமிழ் டிவிஷன் ஆட்கள் எல்லாரும் வராந்தாவில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனந்தபாய் டீச்சர் கேட்டுக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "எல்லாம் நல்லபடி முடிஞ்சுதுல்லா மக்கா? நாங்க ரிஜிஸ்டரில ஒப்பு போட்டாச்சு. இவங்க எதுக்கு வெளிய இரிக்காங்க?"

கருணாகரன் சார் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டீச்சர் பேசினத காலைல கேட்டேன். சாவு வீட்டில இருந்து வந்த உடனே கேட்டேன். நான் எந்தா செய்தது?"

"செய்ததை நீரே எழுதியிருக்கீரே!" என்று போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார். உதடு அசைந்தது. "சம... ர... சம். அய்யோ! நான் சமரம்னு அல்லே எழுதியது?"

நானும் பார்த்தேன். அவர் மலையாளம் டிவிஷன் டீச்சர்; தமிழ் பேசத் தெரியும், எழுத்து தட்டுத்தடுமாறும். போன மீட்டிங்கில், "குரூப்பில எல்லாம் மலையாளம்தானா? தமிழ் டீச்சருக்குத் தமிழில் போட்டா விரலு தேய்ஞ்சு போவுமா?" என்று எகிறியவள் நான்தான். மனுஷன் அதை மனசில் வைத்து, சாவு வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார். சமரம் என்கிற மலையாளம் போனின் தமிழுக்குத் தெரியவில்லை. அது தனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையாகப் பார்த்துத் திருத்திவிட்டது. வேலைநிறுத்தம் என்று எழுதினால் ராஜியாகப் போயிருக்கிறது. மத்தியான மலையாளத்தைப் படித்தவர்கள் கேட்டுக்கு வெளியே, சாயங்காலத் தமிழைப் படித்தவர்கள் உள்ளே.

எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க நேரம் கிடைக்கவில்லை. ஆபீஸ் ரூம் வாசலில் மேனேஜர் பொன்னையன் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

"கருணாகரன் சாறே, அங்க எதுக்கு வெயிலில் இரிக்கீரு? கொடிய மடக்கிட்டு உள்ள வாரும். சமரசம்னு சொன்ன பிறவு என்ன வாசலில் ஒரு நாடகம்? சாயா ஆறிப் போவுது, பழம்பொரி உண்டு." என்னைப் பார்த்தும் சிரித்தார். "டீச்சரும் வரணும். நேத்து டீச்சருக்க சத்தத்த நானும் கேட்டேன். உம்ம ஆளுகளே உம்ம கைவிட்ட பிறவு நான் என்ன செய்ய?"

அப்போதுதான் புரிந்தது. ஷைஜு செய்தியைக் காட்டியிருக்கிறான். அதை மட்டும் காட்டியிருந்தால் பொன்னையன் நம்பியிருக்க மாட்டார், கெட்டிக்காரர். கூடவே என் வசவையும் போட்டுக் காட்டியிருக்கிறான். இவ்வளவு திட்டுகிறாள் என்றால் யூனியன் இவளைக் கைவிட்டது நிஜம்தான் என்று அவர் நம்பிவிட்டார். ஒரு தப்புக்கு நான் சத்தியப்பிரமாணம் செய்து கொடுத்திருக்கிறேன்.

கருணாகரன் சார் எழுந்திருக்கவில்லை. அவருடைய வலது முழங்கால் தேய்ந்தது. எழுந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ வேண்டும். உட்கார்ந்தபடியே என் சேலை முந்தானையை லேசாக இழுத்தார். குனிந்தேன்.

"டீச்சர், அயாள் இன்னும் ஏ.இ.ஓ. ஆபீஸுக்குப் போகல" என்றார் மெதுவாக. "சமரசம் ஆயின்னு நினைச்சு இங்க இரிக்கிறான். நாலரைக்கு மேல இங்கேருந்து இறங்கினா ஆபீஸ் மூடும் முன்ன எத்த முடியாது. நாலரை வர இவன ஆபீஸ் நாற்காலியில இருத்தினா, டீச்சர் நாளைக்கு கிளாஸில."

"எப்படி இருத்துறது?"

"சமரசம் பேசி" என்றார். பிறகு என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "டீச்சருக்க வாய் அடங்கி இருக்குமா?"

அதுதான் கேள்வி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அந்த ஜாதித் தவளை.

கொடியை மடக்கினார்கள். மலையாளம் டீச்சர்கள் முணுமுணுத்தார்கள். கருணாகரன் சார் ஆனந்தபாய் டீச்சரிடமும் அவர்களிடமும் ஏதோ காதில் சொன்னார், அவர்களும் போய் ஒப்பு போட்டார்கள். ஆபீஸ் ரூமில் பொன்னையன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஜன்னல் ஓரத்தில் ஷைஜு. பொன்னையன் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். டைப் அடித்து ரெடியாக இருந்தது. பெற்றோர்களைத் தூண்டிவிட்டது என் தவறு, புகாரைத் திரும்பப் பெறுகிறேன், இனி நிர்வாகத்துக்கு அடங்கி நடப்பேன் என்று மலையாளத்தில்.

"ஒப்பு போட்டா இப்பளே ஆர்டர ரத்து செய்யலாம்" என்றார்.

கருணாகரன் சார் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கோர்ட்டில் வாசிப்பதுபோல முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். 'தூண்டிவிட்டது' சரியில்லை, 'அறிவித்தது' என்று போடலாமா என்றார். அதற்கே பதினொரு மணி ஆனது. பிறகு தேதி சரியில்லை என்றார். பிறகு, தமிழ் டிவிஷன் டீச்சருக்குத் தமிழில் தரவேண்டும், பாஷா ந்யூனபட்சத்துக்கு, அதாவது மொழிச் சிறுபான்மைக்கு, உள்ள உரிமையாக்கும் அது என்றார். பொன்னையன் சலித்துக்கொண்டே சம்மதித்தார். ஆனந்தபாய் டீச்சர் தமிழில் எழுத உட்கார்ந்தார். அவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு அந்த முத்துக்களை ஆமை வேகத்தில் கோத்தார். மத்தியானக் கஞ்சி வந்தது, பயறு வந்தது, சாப்பிட்டோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பொன்னையன் வயிற்றைத் தடவிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நான் நடத்துகிற பாடத்தைப் பற்றி, என் குரலைப் பற்றி, என்னைக் கட்டிய ஜிபினின் பாவத்தைப் பற்றி. நான் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருணாகரன் சார் மேஜைக்கு அடியில் என் செருப்பைத் தன் செருப்பால் அழுத்திக்கொண்டிருந்தார். மணி மூன்று ஆனது. மூன்றரை ஆனது. இன்னும் ஒரு மணி நேரம். அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் போல மெதுவாக நடந்த ஒன்றை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"உள்ளத சொல்லட்டா?" என்றார் பொன்னையன். "அந்தப் பதினேழும் படிக்க வாற பிள்ளைகளா? மத்தியானக் கஞ்சிக்கு வாற கூட்டமாக்கும். அதுகளுக்கு எதுக்கு ஒரு டிவிஷன், ஒரு டீச்சர், ஒரு சமரம்? பனச்சமூடு தாண்டினா தமிழ்நாடு. அங்க போய்க் குடிக்கட்டும் கஞ்சி."

என் செருப்பின் மேல் சாரின் கால் அழுந்தியது. பயனில்லை. நான் எழுந்துவிட்டேன்.

"எந்திரிச்சு நில்லும்!" என்று கத்தினேன். உட்கார்ந்திருப்பவர் மேனேஜர் என்பதே மறந்துவிட்டது, வகுப்பில் கத்துகிற மாதிரியே கத்தினேன். "என் பிள்ளைகளுக்குப் பசிச்சா அவங்க கஞ்சி குடிப்பாங்க. அது சர்க்கார் கஞ்சி, உம்ம வீட்டுக் கஞ்சி இல்ல. உமக்க ஸ்கூல் பெஞ்சு நிறையணும்னு அதுகளுக்க பாஷைய பறிக்கீரே, உமக்கு வெக்கம் உண்டா? மன்னிப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் ஒப்பு போட மாட்டேன்!" ஆனந்தபாய் டீச்சர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தேன்.

பொன்னையன் மெதுவாக எழுந்தார். முகம் கறுத்திருந்தது. மேஜையிலிருந்த கார் சாவியை எடுத்தார். "சரி. நான் ஏ.இ.ஓ. ஆபீஸுக்குப் போறேன். இனி மாசக்கணக்கில வீட்டில இரியும்."

கடிகாரத்தில் நாலு மணிகூட ஆகவில்லை. தாராளமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். காலையிலிருந்து எல்லாரும் சேர்ந்து கட்டியதை நான் ஒரு வாயில் இடித்துப்போட்டேன். வாசலை மறிக்கலாமா என்றுகூட நினைத்தேன். மறித்தால் அதுவும் ஒழுங்கீனம், அனுமதி இன்னும் சுலபமாகக் கிடைக்கும்.

அப்போது கருணாகரன் சார் நாற்காலியிலிருந்து சரிந்தார். விழுந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அந்த முழங்காலோடு தரையில் மண்டியிட்டு, பொன்னையனின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"போகண்டா" என்றார். "மேனேஜர் சாறே, போகண்டா. அவள் கொச்சுப் பெண்ணு, வாய் அறியாது. தப்பு எனக்குள்ளதாக்கும். நான் மாப்பு கேக்கிறேன்."

இந்த மனுஷர் எத்தனை மந்திரிகள் வந்தாலும் எழுந்து நிற்காதவர். போலீஸ் அடித்துத் தோள்பட்டை இறங்கியபோதும் கும்பிடாதவர்.

பொன்னையன் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகச் சாவியை மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை. "அப்பிடி வாரும் வழிக்கு" என்றார். "ரொம்ப நாளா எதிர்பார்த்ததாக்கும் இது." அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. இத்தனை வருஷத்தில் கருணாகரன் சார் தனக்கு எதிராக நடத்திய ஒவ்வொரு சமரத்தையும் ஒன்றொன்றாகச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் கருணாகரன் சார் தரையிலிருந்து, "தப்பு, தப்பு" என்றார். ஜன்னல் ஓரத்தில் ஷைஜு போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

நாலு மணிக்கு நீண்ட பெல் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகள், ஆபீஸ் ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டன. கருணாகரன் சாரின் வகுப்புப் பிள்ளைகள், என் பிள்ளைகள், எல்லாம். அவர் ஜன்னலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, காலை விடாமல் அப்படியே இருந்தார். பொன்னையன் பிள்ளைகளைப் பார்த்ததும் குரலை இன்னும் உயர்த்தினார். அவருக்கு நேரம் போவதே தெரியவில்லை. ஆசை தீரத் தின்கிறவனுக்கு இலை காலியாவது தெரியுமா?

நாலரை தாண்டியது. கருணாகரன் சார் கைகளை எடுத்தார்.

"மேனேஜர் சாறே," என்றார், குரல் மாறியிருந்தது, "இனி பறந்து போனாலும் ஏ.இ.ஓ. ஆபீஸ் பூட்டியிருக்கும்."

பொன்னையன் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனை எடுத்து ஆபீஸுக்கு அடித்தார். வழியில் இருக்கிறேன், கொஞ்சம் காத்திருங்கள் என்று கெஞ்சினார். ஏ.இ.ஓ. மேடத்தின் குரல் எங்களுக்கும் கேட்டது: ஐந்து மணிவரை இருப்பேன், அதற்குள் வரவில்லையென்றால் அனுமதி இல்லை, நாளை டீச்சரை வேலையில் சேர்க்க வேண்டும். பொன்னையன் வாசல்வரை ஓடினார், அங்கேயே நின்றுவிட்டார். சாலையில் சந்தைக் கூட்டம் இறங்கியிருந்தது.

திரும்பி வந்து, தரையில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "காலப் பிடிச்சாக்கும் ஜெயிச்சது. ஓர்மை இரிக்கட்டு."

"பிடிச்சேன்" என்றார் கருணாகரன் சார். "அது உள்ளதாக்கும்."

எழ முடியவில்லை அவருக்கு. நானும் ஆனந்தபாய் டீச்சரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினோம். முழங்கால் வீங்கியிருந்தது. கேட்டுவரை நடத்திக்கொண்டு போகும்போது எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நேற்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டீச்சர், நாளைக்கு ஒன்பதரைக்கு ஒப்பு போடணும். லேட் ஆகண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

ஷைஜு எடுத்த வீடியோ ராத்திரிக்குள் பாறசாலை வட்டாரம் முழுக்கப் போய்விட்டது. அதில் அவர் காலில் விழுவது இருக்கிறது; எதற்கு விழுந்தார் என்பது இல்லை. 'யூனியன் தலைவரின் வீரம்' என்று மேலே எழுதிச் சிரிக்கிற படம் போட்டு அனுப்பினார்கள். ஜில்லா கமிட்டியிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று காலையில் ஆனந்தபாய் டீச்சர் சொன்னார். விளக்கம் கேட்டு முடிகிறவரைக்கும் அவர் செயலாளர் இல்லையாம்.

நான் ஒன்பதரைக்கு முன்னாலேயே ஒப்பு போட்டேன். வகுப்புக்குள் நுழைந்ததும், "வணக்கம் டீச்சர்" என்று பதினேழு குரலும் கூரையைப் பிய்த்தன. பலகையில் தேதி எழுதத் திரும்பினேன். பின்னால் முதல் பெஞ்சிலிருந்து ஆர்யா கேட்டாள்.

"டீச்சர், கருணாகரன் சாறு எதுக்கு மேனேஜருக்க காலில விழுந்தாரு? களவு ஏதும் செய்தாரா?"

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் நான். பக்கத்து வகுப்பிலிருந்து அவர் மலையாளத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எனக்காக மக்கா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.